முன்னூறு கோழியும் ஒன்றரை டன்னும்

1

"பகல் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?" என்று ரான் கேட்டார்.

ரான் எங்கள் வீட்டுக்குப் புது ஹீட்டர் போடுவதற்காக அளவெடுக்க வந்தவர். அறுபது வயதிருக்கும். ஷூவைக் கழற்றாமல் அதன் மேலேயே நீல நிற உறையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு டேப்லெட்டோடு அறை அறையாக நடந்தார். ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, கூரைக்கு மேல் பஞ்சு எத்தனை அங்குலம், இந்த அறையில் யார் படுப்பது, அந்த அறையில் யார் படிப்பது என்று பெண் பார்க்க வந்தவர்களைவிட அதிகமாகக் கேட்டார். நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தேன். கனடாவுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. வேறு எதில் தேறினேனோ இல்லையோ, படிவங்களுக்குப் பதில் சொல்வதில் தேறிவிட்டேன்.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை.

யாரும் இருக்க மாட்டோம் என்பதுதான் பதில். நானும் மனைவி கவிதாவும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் நிலா பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் வேறொரு வீட்டைப் பற்றியதாக விழுந்தது. நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகும் சாலையில், உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊர் வீடு. போன வருடம் அந்த வீட்டுக்கு நான் இங்கிருந்தபடியே ஏசி வாங்கி அனுப்பினேன். அப்போது பகலில் யார் இருப்பார்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பகலில் அந்த வீட்டில் அம்மா இருந்தார்.

ரான் வந்தது ஒரு மே மாத வியாழக்கிழமை. மறுநாள் அம்மாவுக்கு முதல் வருசத் திதி. ஒரு கையெழுத்தைப் பற்றி அப்பாவிடம் நான் பேச வேண்டியிருந்தது. ஒரு வருடமாக வாரம் தவறாமல் அவரோடு பேசுகிறேன். மழை பெய்ததா, முட்டி வலி எப்படி, என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. அதை மட்டும் பேசவில்லை. திதிக்குள் பேசிவிடுவது என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன்.

2

முதலில் இந்த ஹீட்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஹீட்டர் என்றால் குளிக்கத் தண்ணீர் சுட வைப்பது. இங்கே அது வீட்டுக்கு அடியில், நிலவறையில், பீரோ அளவுக்கு நிற்கும் இரும்புப் பெட்டி. பர்னஸ் என்பார்கள். கேஸில் எரிந்து, சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை அது ஓடினால்தான் நாங்கள் ஓடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர் மாற்ற வேண்டும். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு தேதிகூடத் தவறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தத் தாள் பின்னால் மறுபடி வரும், அதற்காகச் சொல்கிறேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்தும், இந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை பர்னஸ் நின்றுவிட்டது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. கம்பெனிக்குப் போன் போட்டு, பதற்றத்தில், "என் பர்னஸ் எக்ஸ்பயர் ஆகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். நம்மூரில் ஆள் போய்விட்டால் நாகரிகமாகச் சொல்கிற வார்த்தை அல்லவா! அந்தப் பெண் நிதானமாக, "வாரண்டியா?" என்று கேட்டாள். ஆள் வர மத்தியானம் ஆகும் என்றாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு சின்ன மின்சார ஹீட்டர். அதை எங்கள் படுக்கையறையில் வைத்துக் கதவை மூடிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் நிலா தன் ரஜாய்ப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். நிலாவுக்குப் பதினாறு வயது. பள்ளி விட்டு வந்தால் அவள் அறைக் கதவு மூடிவிடும். சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கும். அன்றைக்கு நாலு மணி நேரம் பேசினாள். அவள் பள்ளியில் இரண்டு தோழிகள் சண்டை போட்டுப் பிரிந்த கதை, கெமிஸ்ட்ரி வாத்தியார் நடக்கிற நடை, இன்னும் என்னென்னவோ. "அப்பத்தா எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க?" என்று அவளாகவே கேட்டாள். எட்டாவது என்றேன். "மேத்ஸ்ல நல்லா இருந்தாங்களா?" என்றாள். கோழிக்குத் தீவனக் கணக்கு மனதிலேயே போடுவார் என்றேன். கவிதா மூன்று முறை டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

மத்தியானம் மெக்கானிக் வந்து காற்றடிக்கும் மோட்டாரை மாற்றினான். "இருபத்திரண்டு வருசப் பெட்டி. அடுத்த குளிருக்குத் தாங்காது, கோடைக்குள் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். தரையில் இருக்கும் ஓட்டைகளில் சூடான காற்று வந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்காது, நிலா ரஜாயை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

எனக்கு அப்பா குஞ்சு வளர்க்கும்போது சொல்வது நினைவுக்கு வந்தது. பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளைப் பண்ணையில் விட்டால், முதல் வாரம் பல்பைப் போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். அந்தச் சூடு சரியா என்று பார்க்க அப்பா தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டதே இல்லை. எல்லாக் குஞ்சும் பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிருகிறது. எல்லாம் விளிம்புக்கு ஓடினால் சூடு அதிகம். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பரவிக் கிடந்தால் சூடு சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டில் சூடு ரொம்பச் சரியாக இருக்கிறது. கவிதா மாடியில், நிலா அவள் அறையில், நான் நிலவறையில்.

3

எங்களுடையது கோழிக் குடும்பம். ஊரைச் சொன்னதுமே ஊகித்திருப்பீர்கள். குஞ்சுக்குச் சூடு, கோழிக்குக் குளிர்ச்சி. இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் பேசிய அளவுக்கு வேறெதையும் பேசியதில்லை. சித்திரை வெய்யிலில் முட்டைக் கோழி நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும். அதனால் கூரை மேல் சாக்குப் போட்டு நனைப்பார்கள். உள்ளே பாகர் ஓடும். பாகர் என்பது வேறொன்றுமில்லை, கூண்டுகளுக்கு மேலே குழாய் இழுத்து, மோட்டார் வைத்து, பனி மாதிரி தண்ணீர் தூவுவது. பள்ளி விடுமுறையில் மத்தியானம் கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு வருவது என் வேலை. என்ன பார்க்க வேண்டும் என்று அம்மா பாடம் மாதிரிச் சொல்லியிருந்தார். கோழிக்கு வேர்க்காது. வெக்கை தாங்காவிட்டால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இரண்டு றெக்கையையும் உடம்பில் படாமல் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்படி ஒன்றைப் பார்த்தால்கூட ஓடிவந்து சொல்ல வேண்டும். அதற்கு மேல் அதற்கு நேரமில்லை என்பார்.

இவ்வளவு தெரிந்த வீட்டில் மனிதர்களுக்கு ஒரு டேபிள் பேன்தான் இருந்தது. நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் படம் வரைந்து, பிறகு இங்கே பஸ் கட்டும் கம்பெனிக்கு வந்து, சம்பாதித்து அனுப்பிய பணத்தில்தான் காங்கிரீட் வீடு எழுந்தது. அப்பா பத்திரம், வீட்டு வரி, கரண்ட் இணைப்பு எல்லாவற்றையும் என் பெயரில் போட்டார். "ஊடு மகன் பேர்ல இருந்தாத்தான் கெத்து" என்று உறம்பரையிடம், சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டார்.

முட்டி தேய்ந்த பிறகு அப்பா பெரிய பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அம்மா கேட்கவில்லை. வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு ஷெட் போட்டு முன்னூறு நாட்டுக்கோழி வைத்துக்கொண்டார். எதற்கு இந்தப் பாடு என்று நான் சத்தம் போட்டால், "கோழிச் சத்தம் இல்லீன்னா ஊடு ஊடாட்டவே இல்ல சாமி" என்பார். அந்த ஷெட்டிலும் ஒரு பாகர் இருந்தது. அதன் மோட்டார் வீட்டு இணைப்பில் ஓடியது.

போன வருடம் மாசியிலேயே அம்மா, "மொட்டை மாடிச் சூடு அப்படியே தலைல எறங்குது கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் புகார் சொல்கிற ஆளில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஆன்லைனில் ஏசி பார்த்தேன். அறை எத்தனை சதுர அடி என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருந்தது. பத்துக்குப் பத்து அறை. ஒரு டன் போதும் என்று அதுவே சொன்னது. அம்மாவுக்கு வாங்குகிறோம், பெரியதாகவே இருக்கட்டும் என்று ஒன்றரை டன் வாங்கினேன். அப்பா போனில் மலைத்துப் போனார்.

"ஒன்றரை டன்னா? ஏஞ்சாமி, செவுரு தாங்குமா?"

நாமக்கல்காரருக்கு டன் என்றால் லாரி பாரம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாட்டிய அன்று மத்தியானம் அம்மா அந்த அறையில் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினாராம். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே கிடையாது. "இப்படித் தூங்கி எத்தன வருசமாச்சு! எந்திரிக்கவே மனசு வருல" என்று என்னிடம் வெட்கத்தோடு சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

4

சித்திரை பிறந்ததும் பாகர் ஓட ஆரம்பித்தது. பாகர் மோட்டாரும் ஏசியும் ஒன்றாக ஓடினால் மெயின் ட்ரிப் ஆகி, வீடும் ஷெட்டும் சேர்ந்து அணைந்துவிடும்.

"ஒயர்மேன் வந்து பாத்தாப்ல," என்றார் அப்பா. "ஊட்டு சர்வீசுக்கு லோடு ஏத்தணுமாம். கம்பத்துல இருந்து வர்ற ஒயரையும் மாத்தணுமாம். சர்வீசு உன்ற பேர்ல இருக்கறதால உன்ற கையெழுத்து வேணுமாம்."

"அதுவரைக்கும் என்னங்கப்பா பண்றீங்க?"

"உச்சி வெய்யில்ல கோழிக்கு, பொழுது உழுந்தா எங்களுக்கு."

முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரிச் சொன்னார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். முயன்றேன். ரகசிய எண் என்னுடைய பழைய இந்திய நம்பருக்குத்தான் போகும் என்றது. அந்த நம்பரை நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப் பல வருடமாகிறது. இப்போது யார் கையில் இருக்கிறதோ. நம்பரை மாற்ற வேண்டுமானாலும் அந்த நம்பருக்கே எண் வரும். அப்பா முட்டி வலியோடு கரண்ட் ஆபீசுக்குப் போய்க் கேட்டார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "இதெதுக்குங்க கஷ்டப்படறீங்க, இந்த பாரத்துல பையன் கையெழுத்துப் போட்டு கொரியர்ல அனுப்பிச்சாப் போதும். ஒரு வாரத்துல முடிச்சுக் குடுத்தர்றோம்" என்று கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். அப்பா அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

நான் அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவில், பர்னஸ் தாளுக்குப் பின்னால், அதே காந்தத்தில் சொருகினேன். கொரியர் ஆபீஸ் நான் வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், எனக்கு வேலை ஐந்தரைக்கு முடியும். ஒரு நாள் சீக்கிரம் கிளம்பியிருந்தால் முடிந்தது. ஜூனில் எப்படியும் ஊருக்குப் போகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது.

"ஜூன்ல வாரேனில்லீங்கப்பா, நேர்ல வந்து போட்டர்றேன்."

"அப்படியே ஆகட்டும் சாமி."

அந்த ஏப்ரலில் பர்னஸ் பில்டர் மாற்ற வேண்டிய தேதி வந்தது. காந்தத்தை எடுத்தேன், தேதிக்கு நேராக டிக் அடித்தேன், இரண்டு தாளையும் திரும்பச் சொருகினேன்.

5

அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு வீடியோ காலில். இங்கே விடியற்காலை, அங்கே மாலை நாலு மணி. அம்மா அப்போதுதான் ஷெட்டில் இருந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்கம்மா, ஏசி போடலீங்களா?"

"இப்பத்தான் வந்தேன் கண்ணு. இரு, போடறேன்."

எழுந்து போய் பாகரை நிறுத்திவிட்டு வந்து ஏசியைப் போட்டார். "கொஞ்ச நேரத்துக்குக் கோழி தாங்கிக்கும்" என்றார். பத்து நிமிடம் பேசினோம். நிலா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். வேலைக்கு நேரமாகிறது என்று நான் வைத்துவிட்டேன். நான் போன் செய்தால் மட்டும்தான் பகலில் ஏசியைப் போடுவார், வைத்ததும் நிறுத்திவிட்டு பாகரைப் போடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பத்து நிமிடத்தை நான் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அம்மா இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளி, கட்டில் மேல் ஊன்றி வைத்திருந்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். ஒன்றைப் பார்த்தால்கூட ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அப்படியே என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா தீவனம் வாங்க நாமக்கல் போயிருந்தார். மூன்று மணிக்குத் திரும்பியபோது அம்மா அந்த அறையில், நிறுத்தி வைத்திருந்த ஏசிக்கு நேர் கீழே, தரையில் கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொழுது இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஷெட்டில் பாகர் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஒரு கோழிகூடச் சாகவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறு நாள் இருந்தேன். அப்பா கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுவார், அழுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவர் பேசாததையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் பேசாமல் திரும்பிவிட்டேன்.

வந்ததும் நிலா கேட்டாள். "அப்பத்தா ஏன் ஏசி போடல? நீங்க வாங்கிக் குடுத்தீங்கல்ல?"

"கரண்ட் இல்ல கண்ணு," என்றேன்.

6

ரானிடம் கடைசியில், "பகலில் யாரும் இருக்க மாட்டோம்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். பிறகு நிலவறைக்குப் போய், பழைய பர்னஸைப் பார்ப்பதற்கு முன்னால், சுவரில் இருந்த கரண்ட் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புதுசு சூடும் தரும், கோடையில் குளிர்ச்சியும் தரும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே என்னென்ன ஓடுகிறது என்று பார்க்காமல் நான் எதையும் விற்க மாட்டேன்" என்றார்.

எவ்வளவு பெரியது வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. ஆட்கள் எப்போதும் தேவைக்கு மேல் பெரியதாக வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னும் பெரியதாக. அது கரண்டைத்தான் அதிகமாக இழுக்கும்."

ஒரு டன் வாங்கியிருந்தால் அந்த மோட்டாரோடு சேர்ந்து ஓடியிருக்குமா என்று அவரிடம் கேட்க வாய் வரை வந்தது. நான் பஸ்ஸுக்கு ஏசி குழாய் வரைகிறவன். நாற்பது பயணிகளுக்கு ஆளுக்கு இவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு குழாயையும் வரைகிறேன். எனக்கே பதில் தெரியும். கேட்கவில்லை. ரான் டேப்லெட்டை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றார். விரலால் கிறுக்கினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. நகராட்சி அனுமதியை அவரே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் பிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நிலா பால் எடுக்க வந்தாள். நான் நகரவில்லை.

"அப்பா, ஆர் யூ ஓக்கே?"

பழைய பர்னஸ் போகப்போகிறது என்பதால் அந்தத் தாளை எடுத்திருந்தேன். அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு தாள் கையில் இருந்தது. ஒரு வருடமாக அதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் தைரியம் வரவில்லை. நிலா அதை வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் பெயரைப் படித்தாள், பென்சில் குறியில் விரல் வைத்தாள்.

"இது என்ன?"

சொன்னேன். பாகர் என்றால் என்ன என்பதில் தொடங்கி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு சைன்தானா அப்பா?"

குத்திக் காட்டவில்லை; உண்மையாகவே புரியாமல் கேட்டாள். ஆமாம், ஒரு சைன்தான் என்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்துப் பல வருடமிருக்கும்.

"தாத்தாகிட்ட சொல்லிட்டீங்களா? ஐ மீன், ஸாரி?"

"இல்ல."

"சொல்லுங்க அப்பா," என்றாள்.

7

காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போன் செய்தேன். அங்கே மாலை ஐந்து. வீடியோ வேண்டாம் என்று வெறும் போன்தான் போட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பேச முடியாது என்று தோன்றியது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது சாமி. உறம்பரையெல்லாம் சாப்ட்டுட்டு இப்பத்தான் போனாங்க. ஒப்புட்டு போட்டு, சோறு வெச்சுப் படைச்சோம். உங்கொம்மாளுக்குப் புடிக்குமேன்னு சேலத்துல இருந்து தட்டுவடை செட்டு வாங்கியாறச் சொல்லி வெச்சேன்."

"அப்பா."

"சொல்லு."

"அந்தக் கையெழுத்து. நீங்க பாரம் அனுப்புனீங்களே. நான் அன்னைக்கே போட்டு அனுப்பியிருந்தா..." போனை மறு காதுக்கு மாற்றினேன். "நான்தானுங்கப்பா," என்று மட்டும் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் சீராக ஒரு இரைச்சலும் கேட்டது.

"நானும் அன்னைக்கு நாமக்கல் போகாம இருந்திருக்கோணும்," என்றார். "தீவனம் மறுநாளைக்கும் இருந்துச்சு. சும்மா போனேன்."

இரண்டு பேரும் அழுதோம். அப்பா அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இப்பவாச்சும் அந்தக் கையெழுத்தைப் போட்டு அனுப்பறனுங்கப்பா. இந்த வெய்யிலுக்கு நீங்களாவது பகல்ல..."

"இனி எதுக்கு சாமி? கோழியெல்லாம் பங்குனியிலயே குடுத்துட்டேன். ஷெட்டு சும்மாதான் கெடக்குது."

அந்த இரைச்சல் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அது என்னங்கப்பா சத்தம்?"

"ஏசிதான். உங்கொம்மா போட்டோ அந்த ரூம்லதான் இருக்குது. அவளுக்குப் புடிச்சதெல்லாம் படைக்கணும்னாங்க. அதான் காத்தாலயே போட்டு உட்டேன்."

பிறகு சொன்னார்.

"காத்தாலருந்து ஓடுது சாமி. ஒருக்காக்கூட ட்ரிப் ஆகுல."